சுண்ணாம்பு ஒட்டாத சுவர்

ஒரு சுவரைக் கட்டிக் காட்டி, இருபத்திரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஆறு நாள் அவகாசம். நான் ராஜபாளையத்தில் போய் இறங்கிய காரணம் அவ்வளவுதான். சென்னையைத் தாண்டினால் எனக்குத் தெரிந்த ஊர் பாண்டிச்சேரி, அதிலும் கடற்கரை மட்டும். பாஸ்போர்ட் கேட்காத வெளிநாட்டுக்குப் போகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் துப்புரவுப் பணியாளர்களின் இருபத்திரண்டு வீடுகள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. ஓடு சரிந்து, மழைக்கு ஒழுகி, சில சுவர்கள் வயிறு தள்ளி நிற்கின்றன. ஓர் அறக்கட்டளை புது வீடு கட்டித்தர முன்வந்தது. பைபாஸுக்கு அப்பால் இடம் இருக்கிறது, அங்கே நான்கு மாடியில் அடுக்கிவிடலாம் என்பது அவர்கள் திட்டம். காலை ஐந்தரைக்குப் பழைய ஊருக்குள் வருகைப் பதிவுக்கு நிற்கவேண்டியவர்கள் இந்தப் பணியாளர்கள். பைபாஸில் அந்த நேரத்துக்கு டவுன் பஸ்ஸும் இல்லை, ஷேர் ஆட்டோவும் இல்லை.

அதே சந்திலேயே கட்டலாம் என்று சண்டை போட்டது எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்: இரண்டு அறை, நாலு பேர், அதில் ஆகக் குட்டி நான். தோண்டும் மண்ணையே மெஷினில் அழுத்திக் கல்லாக்கி, ஒரு மாடிக்கு மேல் ஏறாமல், கோபுரத்தை மறைக்காமல், பொதுச்சுவர் வைத்து, ஓடு வேய்ந்து கட்டினால் நீடித்து நிற்கும், பராமரிப்பே வேண்டாம் என்று வரைந்து கொடுத்தோம். அறக்கட்டளை ஒரே ஒரு நிபந்தனை போட்டது. சனிக்கிழமைக்குள் இருபத்திரண்டு குடும்பமும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் பைபாஸ்தான்.

'அவங்களுக்கு மண்வீடு பிடிக்காது, நடக்காது' என்றார் எங்கள் முதலாளி. நடக்காது என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குக் காலில் சக்கரம் முளைத்துவிடும்.

திங்கட்கிழமை காலை ராஜபாளையத்தில் பூரிக்கு இரண்டு குழம்பு ஊற்றினார்கள். சென்னையில் இரண்டாவது கிண்ணம் கேட்டால் சர்வர் என் வம்சத்தையே ஒரு பார்வை பார்ப்பார். இங்கே வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டார்கள். 'வயசுப் பிள்ளை இம்புட்டுத்தான் சாப்பிடுதா' என்று கல்லாவில் இருந்தவர் பொதுவாக அறிவித்தார். கடையே திரும்பிப் பார்த்தது. மூன்றாவது பூரியைச் சாப்பிட்டேன்.

கல் அழுத்தும் பட்டறை சோழபுரம் போகும் சாலையில். எனக்காகப் பேசி வைத்திருந்த கொத்தனார் பால்ராஜ் அங்கே காத்திருந்தார். நாற்பது வயது, சட்டைப்பையில் ரசமட்டம், காதில் எப்போதும் போன். வாழ்நாளெல்லாம் கான்கிரீட் போட்டவர். மண்கல்லை முதல்முறை பார்ப்பவர்போல உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். நான் ஒவ்வொரு கல்லாகத் தட்டி, ஓசை கேட்டு, முனை பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரர் மெஷின் ஓட்டுபவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள்.

'என்ன சொல்றாரு?'

பால்ராஜ் போனைக் கையால் மூடிக்கொண்டு மொழிபெயர்த்தார். 'கல்லு எடுக்க வந்த பிள்ளையா, மாப்பிள்ளை பாக்க வந்த பிள்ளையான்னு கேக்காரு.'

சுவருக்கான கல்லெல்லாம் மறுநாள் காலை லோடு ஆட்டோவில் வரும். காட்டுவதற்கென்று நான்கு கல்லை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். கண்டக்டர் பையைக் காலால் நகர்த்தப் பார்த்தார், நகரவில்லை.

'உள்ள என்னம்மா?'

'கல்லுங்க.'

'எங்க ஊர்ல கல்லுக்குப் பஞ்சம்னு யாரு சொன்னா?'

ஜன்னலோரம் மலை கூடவே வந்தது. மேகம் பாதி மலையைத் தின்றிருந்தது. சென்னையில் மலை என்றால் பறங்கிமலைதான், அதில் பாதி வீடு. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அந்த பஸ் வத்திராயிருப்பு வரை போகிறது என்பது தென்னந்தோப்புகள் வந்த பிறகுதான் உறைத்தது.

பக்கத்தில் இருந்தவர் கான்சாபுரத்துக்காரர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பது மீசையிலேயே தெரிந்தது. கல்லை ஒருமுறை பார்க்கக் கேட்டார். கொடுத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் தலையில் கவிழ்த்தார். தண்ணீர் வழிந்து அவர் வேட்டியில் இறங்கியது. கல் கரையவில்லை.

'கெட்டிதான்' என்றார். 'பார்டர்ல எங்க உசிரக் காத்தது மண்ணு மூட்டைதான் பாத்துக்க. சிமெண்டு பறந்து போவும், மண்ணு குண்டை முழுங்கிக்கிடும்.'

'அப்ப உங்க வீட்டை மண்ணுல கட்டுவீங்களா சார்?'

'எம் பொண்டாட்டி கட்ட விடணுமே. மண்ணுச் செவருன்னா என்னையும் சேத்து வெளிய தள்ளிருவா.'

வத்திராயிருப்பில் இறங்கி, எதிர் பஸ் பிடித்து, மதியச் சாப்பாட்டை மூன்றரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சாப்பிட்டேன். இலை ஓரத்தில் கடைக்காரர் ஒரு கரண்டி பால்கோவா வைத்தார், நான் கேட்காமலே. இந்த ஊரில் அதை மறுக்கவும் வழியில்லை என்று புரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை சந்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது சுத்தம். ஒரு காகிதத் துண்டு இல்லை. வீடுகள் தள்ளாடினாலும் ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரே ஒரு வீடு மட்டும் வெள்ளையில்லாமல், சாம்பலும் காவியும் கலந்த தன் சொந்த நிறத்தில் நின்றது. மழை வழிந்த கோடுகள் கீழ்நோக்கிப் படிந்திருந்தன. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. படம் எடுத்துக்கொண்டேன்.

பால்ராஜ் மதியத்துக்குள் சந்தின் முனையில் மார்பளவு மாதிரிச் சுவர் எழுப்பிவிட்டார். முழங்கால் உயரம் வரை கருங்கல், அதற்கு மேல் மண்கல். அது வெயிலில் காய்ந்ததும், நான் கொண்டுவந்திருந்த நிறமில்லாத நீர்விரட்டியை இரண்டு கோட் அடித்தேன். பால்ராஜ் அதற்கு வார்னிசு என்று பெயர் வைத்தார். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சந்துப் பெண்கள் வேலை முடிந்து திரும்பி, குளித்து, சாப்பிட்டு வந்து உட்கார நாலு மணி ஆயிற்று. டேப்லெட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேசினேன். குளிர்ச்சி, காற்றோட்டம், பொதுச்சுவர், மாடிப்படி, நடுநடுவே பராமரிப்பே வேண்டாம் என்பது. கேட்டுக்கொண்டார்கள். பிறகு காலையில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

'இந்த வீட்டைப் பாருங்க. வெள்ளை இல்லை, பெயிண்ட் இல்லை. எத்தனை மழை பாத்திருக்கும். உங்க புது வீடு எல்லாமே இப்படித்தான் இருக்கும். நீங்க கைவைக்கவே வேண்டாம்.'

ஓர் ஓரத்தில் மடித்த முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்த பெண் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, படத்தில் இருந்த அதே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

முன்வரிசையில் இருந்த முனியம்மாதான் வாயைத் திறந்தார். 'ஏட்டி, வெவரம் கேட்டுட்டுப் பேசக் கூடாதா? அது செல்வமேரி வீடு. அவ வீட்டுக்காரரு போன வருசம் ஆவணியில மஞ்சக்காமாலையில போயிட்டாரு. எழவு விழுந்த வருசம் நாங்க வெள்ளையடிக்க மாட்டோம், பழைய வெள்ளை மழையோட போயிரும். ஏழு வீடு கிறிஸ்மஸுக்கு அடிக்கும், மத்த வீடு பொங்கலுக்கு அடிக்கும். அடிக்காத வீடுன்னா என்னன்னு இந்தச் சந்துல நடக்கப் பழகுன பிள்ளைக்குக்கூடத் தெரியும்.'

பின்னால் இருந்து ஒரு குரல், சத்தமில்லாமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி: 'இருவத்திரெண்டு எழவு வீடு கட்டித்தர சென்னையிலருந்து வந்துருக்கா.'

கூட்டம் கலைந்தது. கையெழுத்துத் தாள் வெறுமையாக இருந்தது. அன்று ராத்திரி பரோட்டா உள்ளே இறங்கவில்லை. கடைக்காரர், நான் சால்னாவைக் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு மாற்றி ஊற்றினார்.

புதன்கிழமை ஐந்தரைக்கு நான் வருகைப் பதிவு நடக்கும் இடத்தில் நின்றேன். மன்னிப்பு கேட்பதற்கு வேறு நேரம் எனக்குத் தோன்றவில்லை. செல்வமேரி பெயர் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு தேர்வீதிக்கு நடந்தார். நானும் நடந்தேன். இந்த அகலத்துக்குச் சென்னையில் ஒரு வீதி இருந்தால் இரண்டு பக்கமும் கார் நிறுத்தி மூன்றாவதாக ஒரு பாலமும் கட்டியிருப்பார்கள். இங்கே வீதி முழுக்க வானம். செல்வமேரியின் துடைப்பம் ஒரே அளவில் இழுத்துக்கொண்டே போனது.

'அக்கா, தெரியாமப் பேசிட்டேன்.'

'தெரியாமத்தான் பேசுன. அது சரி.' துடைப்பம் நிற்கவில்லை. 'நான் ஒண்ணு கேக்கேன், சொல்லு. பராமரிப்பு வேண்டாம் வேண்டாம்னு நேத்து எம்புட்டுத் தடவை சொன்ன தெரியுமா? ஏன் வேண்டாம்?'

'செலவு, சிரமம் இருக்காதுன்னு...'

'அதுக்கில்ல. இவளுக பாத்துக்க மாட்டாளுகன்னு எவனோ எழுதிருக்கான். அதை நீ வாய்வார்த்தையா சொல்லுத.'

எங்கள் வரைபடத்தின் தலைப்பில் 'பராமரிப்பில்லா வீடு' என்று இருந்தது. அதை எழுதச் சொன்னது அறக்கட்டளை. காரணம் அவர்கள் கடிதத்தில் ஒரே வரியில் இருந்தது: பயனாளிகள் பராமரிக்க மாட்டார்கள். நான் அதைப் படித்திருக்கிறேன். படித்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன்.

செல்வமேரி குப்பையை முறத்தில் அள்ளினார். 'ஊரையே நாங்கதான் பாத்துக்கிடுதோம். எங்க வீட்டைப் பாத்துக்க மாட்டமா?'

அன்று மதியம் சந்தில் சத்தம். போய்ப் பார்த்தால் முனியம்மா ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்து, தென்னை மட்டையை நசுக்கிச் செய்த பட்டையால் என் மாதிரிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். சுண்ணாம்பு சுவரில் நிற்கவில்லை. எண்ணெயில் பட்ட தண்ணீர்போலத் திட்டுத் திட்டாக விலகி ஓடியது. காய்ந்த இடத்தை விரலால் தொட்டால் அப்பளம்போல உரிந்தது.

'சுண்ணாம்பே ஒட்ட மாட்டேங்கு. இந்தச் செவத்துக்குள்ள நாங்க எப்படி ஒட்டுறது?' என்றார் முனியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுகை வந்தால் சிரித்துவிடுவது என் வழக்கம்.

பால்ராஜ் என் பக்கத்தில் வந்து குனிந்தார். 'வார்னிசு இல்லாம இதே கல்லுல அடிச்சாப் பிடிக்கும் பாப்பா. மேல மெல்லிசா சுண்ணாம்பும் மணலும் குழைச்சு ஒரு கை இழுத்துட்டா, வெள்ளை அதுக்குள்ளயே போயி உக்காந்துரும்.'

அங்கேயே நின்று யோசித்தேன். நீர்விரட்டி ஐந்தாறு வருஷத்தில் செத்துவிடும். மறுபடி அடிக்கச் சென்னையிலிருந்து டின் வரவேண்டும். சுண்ணாம்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். அடித்த சுவர் மூச்சுவிடும், ஈரம் உள்ளே தங்காது, சின்ன விரிசலை அதுவே மூடிக்கொள்ளும். மண்சுவருக்கு வருஷம் ஒரு வெள்ளை என்பதைவிட நல்ல பாதுகாப்பை நான் படித்த எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. நாங்கள் டின்னில் அடைத்து வாங்கிவந்ததை இந்தச் சந்து ஒவ்வொரு டிசம்பரிலும் தையிலும் தானாகவே செய்துகொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் திட்டம் போட்டு ஒழிக்க வந்திருக்கிறோம்.

முதலாளிக்குப் போன் போட்டேன். 'பராமரிப்பில்லா வீடுங்கிறதை எடுத்துடுறேன் சார்.'

'அதை எடுத்தா அவங்க பணத்தை எடுத்துடுவாங்க. ஒரு வார்த்தைதானே, இருந்துட்டுப் போகட்டும்.'

'அந்த ஒரு வார்த்தையில இங்க யாரும் குடியிருக்க மாட்டாங்க சார்' என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை, முதல் சுவருக்குப் பக்கத்திலேயே இரண்டாவது சுவர், வார்னிசு இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இழுத்து. மழை மிரட்டியது. பால்ராஜ் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கட்டினார். செல்வமேரி வேலை முடித்து வரும்போது நின்று பார்த்தார், வரைபடத்தைக் கேட்டார். விரலை வைத்து ஓட்டினார்.

'குளிக்கிற ரூம் கொல்லையில இருக்கு.'

'ஆமாக்கா.'

'குப்பை அள்ளிட்டு வாரவ வீட்டுக்குள்ள நடந்துபோயா குளிப்பா? சோறாக்குற எடத்தைத் தாண்டியா போகணும்? வாசல்லயே வையி. குளிச்சிட்டுத்தான் உள்ள காலு வைப்போம்.'

அங்கேயே, காலியான சாந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பென்சிலால் மாற்றினேன். குளியலறை முன்னுக்கு வந்ததும் பின்பக்கம் சமையலறைக்கு ஒரு ஜன்னல் கூடுதலாகக் கிடைத்தது. அதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியம்மா அதே வாளி, அதே மட்டையோடு வந்தார். சுண்ணாம்பு பட்ட இடத்தில் சுவர் அதை உறிஞ்சும் சத்தம் கேட்டது, பசித்த வயிற்றில் கஞ்சி இறங்குவதுபோல. முனியம்மா உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். கையில் கொஞ்சம் வெள்ளை, சுவரில் மிச்சம் அவ்வளவும்.

'பிடிச்சிட்டு' என்றார். அன்றைக்கே பதினேழு கையெழுத்து விழுந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு அறக்கட்டளையின் திட்ட அதிகாரி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, நல்ல மனிதர், கையில் படிவம். இரண்டு சுவரையும் பார்த்தார். உரிந்து தொங்கும் முதல் சுவரைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

'வருஷா வருஷம் வெள்ளையடிக்கணும்னா அது பராமரிப்பு. எங்க நிபந்தனை என்ன? இவங்க கொஞ்ச நாள் அடிப்பாங்க, அப்புறம் விட்டுடுவாங்க. நான் எத்தனை குடியிருப்பு பாத்திருக்கேன்.'

நான் வாயைத் திறக்குமுன் செல்வமேரி முன்னால் வந்தார். 'சார், நீங்க தேர்வீதி வழியாத்தான வந்தீக?'

'ஆமா.'

'வழியில ஒரு தாளு கெடந்துச்சா?'

அவர் யோசித்தார். 'இல்லை.'

'அதை யாரு விடாமப் பாத்துக்கிடுதா?'

அதிகாரி படிவத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். 'எழுத்துல குடுங்க' என்றார். ஆண்டுப் பராமரிப்பு என்ற கட்டத்தில் எங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே 'தேவையில்லை' என்று அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'உண்டு. வீட்டுக்காரர்கள் செய்வார்கள். இதுவரை செய்ததைப் போல.' கீழே என் பெயரையும் போட்டேன். வேலை போனால் போகட்டும்.

மீதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இருபத்தொன்று. இருபத்திரண்டாவது கட்டம் செல்வமேரியுடையது. அவர் பேனாவை வாங்கி, படிவத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்து, இரண்டையும் அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தார்.

'டிசம்பர் ஒண்ணாந்தேதி இடிப்பீகளா?'

'ஆமாம்மா. மழை குறைஞ்சதும் ஆரம்பிச்சாத்தான் கோடைக்குள்ள முடியும்.'

'கிறிஸ்மஸ் கழியட்டும்.'

'எதுக்கு?'

'வெள்ளையடிக்கணும்.'

அதிகாரிக்கு உண்மையாகவே புரியவில்லை. 'இடிக்கப்போற வீட்டுக்கா? புது வீட்டுக்கு அடிச்சுக்கலாமேம்மா.'

'புது வீட்டுக்கும் அடிப்பேன். அவுக போன வருசம் இந்த வீட்டுக்கு வெள்ளையில்ல. இந்த வருசம் உண்டு. எழவு வீடாவே இடிய விட மாட்டேன் சார். அவுக கட்டுன செவரு. வெள்ளையா நிக்கட்டும், பொறவு இடிங்க.'

இருபத்தொரு கையெழுத்தும் அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த ஒன்று இல்லையென்றால் எல்லாருக்கும் பைபாஸ். ஆனாலும் 'போட்டுரு செல்வமேரி' என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. முனியம்மா மட்டும் வாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு செல்வமேரியின் பக்கத்தில் போய் நின்றார்.

நான் அதிகாரியின் கையிலிருந்து படிவத்தை வாங்கினேன். பிடுங்கினேன் என்று அவர் சொல்லக்கூடும். டிசம்பரை அடித்து ஜனவரி என்று எழுதினேன். அவர் அந்த அடித்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

செல்வமேரி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பேனாவை மூடி என்னிடம் நீட்டினார். 'கிறிஸ்மஸுக்கு முன்ன வாரதுன்னா வா, வேலை இருக்கு. அந்த வார்னிசு டின்னைத் தூக்கிட்டு வந்துராத.'

திரும்பும் ரயிலில் அறிக்கையைத் திறந்தேன். முதல் பக்கத்தில் அந்தச் சாம்பல் வீட்டின் படம் இருந்தது. எடுத்துவிட்டேன். அந்த இடத்தை வேறு எதைக் கொண்டும் நிரப்பவில்லை. வெற்றுக் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பினேன்: 'படம் வெள்ளையடித்த பிறகு.'